போஸ்கோவின் இலையில் காணாமற்போன கருவாடு

தூத்துக்குடிக் கடலின் உப்பில் பாதியைத் தனியாளாகத் தின்று தீர்த்ததாகவும், அதனால்தான் தன் ரத்த அழுத்தம் இறங்கியதாகவும் தஸ்நேவிஸ் சொன்னார். பந்திக்கூடம் சிரித்த சிரிப்பில் துறைமுகத்துக் கப்பல்கள் ஆடின.

"பாதிதானா வே? மிச்சத்தை யாருக்கு வச்சிருக்கீரு?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த போஸ்கோ. தஸ்நேவிஸுடைய மறைந்த மனைவியின் அண்ணன். உப்பளவி பொருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதனால் உப்பைப் பற்றிக் கடலைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நம்புகிறவர்.

அப்போது ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு கிடையாது. தெருவுக்கு ஒரு பந்திக்கூடம். உட்கார்ந்து விரலை நீட்டினால் மேசையிலிருக்கும் உப்பளவி மரபணுவைப் படித்து, யார் இலைக்கு எவ்வளவு உப்பு என்று முடிவு செய்யும். நீல விளக்கு எரிந்தால், உப்பு ஒன்றும் செய்யாத உடம்பு, கருவாடே வரும். சிவப்பு எரிந்தால், உப்போடு சேர்ந்து அழுத்தமும் ஏறும் உடம்பு, சப்பென்ற கஞ்சி. அடுத்தவர் இலையில் கைவைப்பது, அடுத்தவர் பல்செட்டைக் கழற்றி மாட்டிக்கொள்வதைப் போல அசிங்கம்.

போஸ்கோ நீலம். தஸ்நேவிஸ் சிவப்பு. சிவப்பென்றால் சாதாரணச் சிவப்பா? உப்பைக் குறைக்கக் குறைக்க அவருக்கு அழுத்தம் ஏறியது. ஏறியதைப் பார்த்து உப்பளவி இன்னும் குறைத்தது. கடைசியில் கீரையில் இயற்கையாக இருந்த உப்பைக்கூட அலசி எடுத்துவிட்டுத்தான் பரிமாறியது. அப்படியும் ஏறவே, சுகாதார வாரியம் கறாராகச் சொல்லிவிட்டது: சனிக்கிழமைச் சோதனையில் இறங்காவிட்டால் மலைமேல் இருக்கும் அழுத்தக் காப்பகத்தில் நிரந்தர வாசம். அங்கே கடல் இல்லை. சண்டை போட மைத்துனரும் இல்லை.

எப்படியும் போகத்தான் போகிறோம், நாக்கையாவது குளிர வைத்துவிட்டுப் போவோம் என்று தஸ்நேவிஸ் முடிவு கட்டினார். தினமும் மதியம், "வே, அங்க பாரும், திமிங்கலம்!" என்று சன்னலைக் காட்டுவார். போஸ்கோ திரும்புவார். கருவாடு நேரே தஸ்நேவிஸ் வாய்க்குள் போகும். தஸ்நேவிஸின் இலையில் பட்டால்தான் உப்பளவி அலறும். அந்த வாரம் முழுக்கத் திமிங்கலம் வந்தது. தின்றதுகூட மறந்துபோகிற அளவுக்குத் தனக்கு வயதாகிவிட்டதோ என்று போஸ்கோ மனம் கலங்கினார்.

சனிக்கிழமை பார்த்தால் அழுத்தம் இறங்கியிருந்தது. "உப்பில்லா உணவுக்கு வெற்றி!" என்று உப்பளவி வாழ்த்துப் பாடியது. அதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல்தான் தஸ்நேவிஸ் அந்தக் கடலளவு பெருமையை அடித்தார். கையோடு திமிங்கல ரகசியத்தையும் உடைத்தார்.

"கள்ளன் வே நீரு! மூளை கழண்டுபோச்சுன்னு நான் டாக்டரைப் பாக்கப் போறதா இருந்தேன்!" என்று போஸ்கோ குதித்தார். "ஆனா, உப்பு தின்னு இறங்கிச்சுங்கிறது பச்சப் பொய். நான் மாட்டுன மிசினு தப்பு பண்ணாது."

"அப்ப ஒம்ம கையாலயே அளந்து பாரும், மச்சான்."

பரணில் கிடந்த பழைய அழுத்தமானியின் ரப்பர்ப் பட்டையையும் காதுக்குழாயையும் போஸ்கோ தூசி தட்டினார். ஒரு வாரம் மேசைக்கடியில் அவரே கருவாட்டை நீட்டினார். மறுவாரம் வெறும் கஞ்சி. கருவாட்டில் அழுத்தம் இறங்கியது, கஞ்சியில் ஏறியது. பக்கத்து மேசைப் பெண் ரெக்ஸிலினும் சிவப்புதான். ஆசைப்பட்டு அவரும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். மறுநாளும் தின்றார். தலை கிறுகிறுத்தது, அழுத்தமானியின் முள் துள்ளியது. "எனக்கு வேண்டாம்ப்பா சாமி" என்று எழுந்துவிட்டார். கருவாடு ஒன்றுதான். போஸ்கோவிடம் சும்மா கிடந்தது, ரெக்ஸிலினுக்கு ஏற்றியது, தஸ்நேவிஸுக்கு இறக்கியது.

போஸ்கோவுக்குச் சோறு இறங்கவில்லை. மிசின் ஏன் இதைப் பார்க்கவில்லை? ஒருநாள் வாயருகே போன கவளத்தை அப்படியே நிறுத்தினார்.

"ஏறுனவனுக்கு என்னைக்காவது உப்பைக் குடுத்துப் பாத்தோமா? குறைக்கத்தான் அதுக்குச் சொல்லிக்குடுத்தோம். தலைகீழா ஒரு ஒடம்பு இருந்தா அதுக்கு எப்படி வே தெரியும்?"

அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. கஞ்சி வாரத்துச் சனிக்கிழமையில் அழுத்தம் எகிறியதை வாரியம் பார்த்துவிட்டது. மலைக்கு அழைத்துப் போக வந்த இளம்பெண் அதிகாரி, தஸ்நேவிஸ் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போஸ்கோவிடம் திரும்பினார்.

"உப்பு தின்னதால பிரஷர் இறங்கிச்சுங்கிறார். கடல்ல பாதியத் தின்னேன்னும் சொல்றார். இந்த மிஷினை மாட்டுனவர் நீங்க. நீங்களே சொல்லுங்க சார், எதை நம்புறது?"

போஸ்கோ, தான் மாட்டிய உப்பளவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு விசுவாசமாக நீல விளக்கைக் காட்டியது. பிறகு தன் இலையிலிருந்த கருவாட்டை எடுத்தார். இந்தமுறை மேசைக்கடியில் அல்ல, எல்லோரும் பார்க்க மைத்துனர் இலையின் நடுவில் வைத்தார்.

உப்பளவி ஊரே கேட்க அலறியது.

"கடல் கதை பொய்ம்மா," என்றார் போஸ்கோ, அதற்கு மேல் குரலை உயர்த்தி. "கருவாடு நெசம். இறங்கிச்சு. நாந்தான் அளந்தேன்."