வட்டத்துக்குள் நிற்பவள்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். காபியை நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். மனைவி இறந்த பிறகு இதில் எதுவும் மாறவில்லை. கழுவ ஒரு டம்ளர் குறைந்தது, அவ்வளவுதான்.

தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, குழாயின் வாயில் ஃபில்டர் தாளை மாட்டி, காற்றில் கழன்றுவிடாமல் சுற்றிலும் டேப் ஒட்டினான். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தத் தாள் இல்லாவிட்டால் சூரியன் கேமராவைப் பொசுக்கிவிடும். கண்ணை வைத்தால் கண்ணையும். பின்பக்கம் கேமரா, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். சூரியனின் கரும்புள்ளிகள் ஒரு விளிம்பில் முளைத்து, நாளுக்கு நாள் நகர்ந்து, மறு விளிம்பில் மறையும். தினமும் ஒரு படமாக அந்தப் பயணத்தை எடுத்து வைப்பது அவனுடைய பொழுதுபோக்கு.

ஒரு புள்ளி மட்டும் நகரவில்லை.

தூசு என்று நினைத்துக் கேமராவைத் துடைத்தான். மறுநாளும் அது வட்டத்தின் ஓரமாக, அதே இடத்தில் இருந்தது. சூரியனைப் படமெடுப்பவர்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. கேமராவைக் கொஞ்சம் திருகினால், தூசாக இருந்தால் திரையில் இருந்த இடத்திலேயே நிற்கும். சூரியனில் இருப்பது சூரியனோடு சேர்ந்து சுழலும். திருகினான்.

புள்ளி சுழன்றது.

இதே பித்துப் பிடித்த நண்பர்கள் அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒருவர் படத்திலும் அது இல்லை.

நாளாக ஆக அது நீண்டது. தொலைநோக்கி எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். சூரியனுக்கு மேலேது கீழேது என்று அவன் படத்தை நிமிர்த்திப் பார்த்ததே இல்லை. அன்று நிமிர்த்தினான். தலை. கழுத்து. ஒரு பக்கம் சரிந்த தோள்.

மனைவியின் அம்மா அவனுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தார். தையல்காரர். மகள் போனபின் ஊசியைத் தொடவில்லை. ஈரத்துணி வாளியோடு மாடிக்கு வந்தவர் வழக்கம்போல் அவனை வம்புக்கு இழுத்தார்.

"சூரியன் என்ன கல்யாணப் பொண்ணா மாப்பிள்ளை? தினமும் நிக்க வச்சுப் படம் புடிக்கிறீங்க!"

அவன் லேப்டாப்பை மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். வாளி கீழே இறங்கியது.

"இடது தோளு இறங்கியிருக்கு," என்றார். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அவ சட்டைக்கு மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைச்சு வெட்டுவேன்."

"அது வெறும் புள்ளி அத்தை."

"புள்ளிக்கு ஏது தோளு?"

அத்தை திரைக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

"முகம் ஏன் தெரியல?"

"பின்னாடி வெளிச்சம் இருந்தா முகம் இருட்டாத்தான் தெரியும். முன்னாடி தாள் வேற மாட்டியிருக்கு."

"அந்தத் தாளைக் கழட்டினா?"

"கண்ணு போயிடும். விளையாட்டில்ல அத்தை."

"உங்களுக்குப் பாக்கணும்னு இல்லையா?"

இருந்தது. அதுதான் அவனுடைய பயம். விபத்துக்குப் பிறகு அவள் முகத்தை யாரும் திறந்து காட்டவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

அத்தை அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் வெயில் வேறு மாதிரி விழ ஆரம்பித்தது. மதியத்தில் ஜன்னல்களைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு அவன் படுத்திருக்கும்போது, துணியின் மேல் மறந்துவைத்த இஸ்திரிப் பெட்டியின் கருகல் வாசனை அறைக்குள் மெல்லப் பரவும். அத்தை சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருக்க, தலைக்கு மேலே, கால் வைக்க முடியாமல் கொதிக்கும் மொட்டை மாடியில், வெறுங்காலோடு யாரோ அவசரமில்லாமல் நடப்பார்கள். முக்காலி இருக்கும் இடம்வரை வருவார்கள். நிற்பார்கள்.

அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே சந்தேகம். ஃபில்டர் தாள். அடுத்த காலை, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினான். கேமராவை நம்பாமல் அதையும் கழற்றி, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைச் செருகினான். குனிந்தான்.

நின்றாள். வட்டத்தின் பாதி அளவுக்கு வளர்ந்திருந்தாள். கை மெதுவாக உயர்ந்தது. வா என்பதுபோல்.

எப்படிக் கீழே வந்தான் என்று தெரியவில்லை. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தான். மறுபடி அடித்தான். துண்டை எடுக்கும்போதுதான் உறைத்தது. புதுத் தாளுக்கு டேப் ஒட்டவில்லை. லென்ஸையும் எடுக்கவில்லை.

"அத்தை?"

சமையலறை காலி.

ஓடினான். படியிலேயே வாசனை வந்துவிட்டது. கருகல். ஆனால் துணி இல்லை.

தாள் தரையில் கிடந்தது, பளபளவென்று. அத்தை முழங்காலில் கையூன்றி, ஊசியில் நூல் கோப்பவர்போலக் குனிந்து, லென்ஸில் ஒரு கண்ணை வைத்திருந்தார். அசையவில்லை. இமை ஓரத்திலிருந்து மெல்லிய புகை.

தொலைநோக்கியின் வாயைக் கையால் பொத்தினான். கை சுடவில்லை. சில்லென்றிருந்தது. இழுத்த இழுப்புக்கு அத்தை வந்தார். லென்ஸிலிருந்து விழுந்த வெளிச்சம் அவர் கன்னத்தில் அப்படியே நின்றது. பொத்திய பிறகும். குறையாமல்.

அத்தை அவன் பக்கம் திரும்பினார். ஒரு கண் நன்றாக இருந்தது. மற்றது வெந்து வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் நடுவில், குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்பாக, ஒரு உருவம். கண் அசையவில்லை. உருவம் அசைந்தது. ஓர் அடி முன்னால் வைத்தது. இன்னும் ஓர் அடி.

வலி தாங்காமல் கத்தினார், அதோடு பேச்சு நின்றுவிட்டது என்றுதான் டாக்டரிடம் சொன்னான். சொந்தக்காரர்களிடமும். அத்தை கத்தவில்லை. அவன் சட்டைக் காலரைப் பற்றி இழுத்து, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், காதோடு காதாகச் சொன்னார்.

"நம்ம பொண்ணு இல்ல மாப்பிள்ளை. அவளை உடுத்திக்கிட்டு வந்திருக்கு."