சூளைக் குழிச் சேறு

யே தூட், வயது இருபத்து மூன்று, பர்மாவில் பஅன் ஊர்க்காரன். இப்போது இருப்பது தாய்லாந்தில், நக்கோன் பதோம் பக்கம் ஒரு பணக்காரி வீட்டுத் தோட்டத்தில். அன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டுத் திரும்பியபோது, காலையில் நட்ட அல்லி இலைகள் அத்தனையும் குப்புறக் கிடந்தன. காற்றே இல்லை. செந்நிற அடிப்பக்கம் மேலே தெரிய, கிழவன் புறங்கையைப்போல் நரம்பு புடைத்து, தண்ணீரை அமுக்கிப் பிடித்திருந்தன.

"மாமா, இதப் பாருங்க."

அக்கா புருஷன் கோ ஸா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஆமை பொரட்டியிருக்கும்டா. இல்ல, உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்காம அதுவே திரும்பிப் படுத்துருக்கும்."

"நேத்துதான தண்ணி விட்டோம்? ஆமை எங்கருந்து வந்துச்சு?"

மாமா தாமரைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

பழைய குளத்தைத் தூர்வாரிக் கரை கட்டி முடித்த பிறகுதான் நடுவதற்குச் சேறு இல்லையென்று தெரிந்தது. கடை உரமண் தண்ணீரில் மிதக்கும். தாமரைக்குக் களிமண் வேண்டும். கைவிடப்பட்ட செங்கல் சூளைக் குழிக்கு வண்டியை விட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒருவனை வெட்டிப் போட்ட குழி. அப்படிச் செத்தவன் கிடந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் ஊரில் யாரையும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் அவனும் வருவான். மழை வந்த அவசரத்தில் யே தூட் அதை மறந்து, "எல்லாரும் ஏறுங்க, போலாம்!" என்று கத்திவிட்டான். அங்கே இருந்தது மாமா ஒருவர்தான்.

"யாரடா கூப்ட்ட, எருமை?" என்று மாமா மண்டையில் ஒரு போடு போட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

ஊரில் இருக்கும் அக்காவுக்கு இது ஏழாம் மாதம். "அவர முழுசா அனுப்பி வெச்சுரு" என்று போனில் அழுதிருந்தாள். சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

"மாமா, மேல வந்துருங்க. நாளைக்கு வெச்சுக்கலாம்."

"இது ஒண்ணுதான்டா பாக்கி. அந்தம்மா வந்தா யாரு வாங்கிக் கட்டிக்கறது?"

மேகம் இறங்கித் தோட்டம் மங்கியது. தண்ணீரிலிருந்து சுட்ட செங்கல் வாடை, அதற்கடியில் கறிக்கடை வாடை. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிற சத்தம் கேட்டது. சளக். சளக். மாமா நின்ற இடத்திலேயே நின்றார். சத்தம் மட்டும் நடந்து அவரிடம் வந்தது.

"மாப்ள," என்றார் மெதுவாக. "என் கால..."

தண்ணீருக்குள் போனார்.

யே தூட் அரிவாளோடு பாய்ந்தான். கலங்கல். கை பட்ட இடமெல்லாம் முள்முள்ளாய்த் தண்டு. மாமாவின் கழுத்தைச் சுற்றி இறுகிய தண்டு. வெட்டினான். இன்னொன்று. வெட்டினான். தண்ணீர் சிவந்தது. தண்டிலிருந்தா, மாமாவிடமிருந்தா? தெரியவில்லை. வெட்டினான். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல் ஒரு சத்தம். அலறியவன் வாய்க்குள் தண்ணீர். மறுபடி அதே சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

துழாவினான். மாமாவின் மணிக்கட்டு கையில் சிக்கியது. பிடித்துக்கொண்டான்.

எதிர்க்கரையில் யாரோ ஏறினார்கள்.

மாமா. அதே முதுகு, அதே தழும்பு. உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. கொடியில் கிடந்த தன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பஸ் போயிரும்," என்றார் திரும்பாமல், மாமாவின் குரலில். "உங்கக்கா தனியா இருக்கா."

வாசல் கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

யே தூட்டின் பிடியில் மணிக்கட்டு கனத்தது. இழுத்தான். மாமாவின் முகம் மேலே வந்தது. கண்குழி இரண்டிலும் களிமண். திறந்த வாயிலிருந்து சுருட்டிய தாமரை இலை ஒன்று, அவன் பார்க்கப் பார்க்க, மெல்ல விரிந்தது.

பஅன் பக்கம் யாராவது இதைப் படித்தால், அவன் அக்கா நில்லாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். புருஷன் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க வேண்டாம்.