எந்த ரோசா?

பாளையங்கோட்டைப் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தில் ஒரு சின்னப் பையன் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான். நான்கு வயதுகூட இருக்காது. முகமெல்லாம் கண்ணீரும் மண்ணுமாக இருந்தது.

அவனை முதலில் பார்த்தவள் டெபோரா. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவள், அப்பாவோடும் அண்ணன் ஜெனோவோடும் அன்று மாலை பூங்காவுக்கு வந்திருந்தாள். அப்பா வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

டெபோரா அவன் முன்னால் குனிந்து, யாரோடு வந்தாய் என்று கேட்டாள்.

"ரோசா," என்றான் அவன் விக்கிக்கொண்டே. "ரோசாகிட்ட போணும்."

அவ்வளவுதானே என்று டெபோரா நினைத்தாள். பக்கத்திலேயே சிவப்பு ரோஜாக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். அழுகை கூடியது.

ஒருவேளை இவனோடு வந்தவர்கள் வேறு நிறப் பூவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்களோ? மஞ்சள் ரோஜாக்களிடம் போனார்கள். இல்லை என்று தலையை ஆட்டினான். வெள்ளைக்குப் போனார்கள். அங்கேயும் யாருமில்லை. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டி, இவனுக்கு என்ன கலர்தான் வேணுமாம்?" என்றான் ஜெனோ.

டெபோராவுக்கும் ஒன்றும் புரியவில்லை. தோட்டம் முழுக்க ரோஜா. இவனோ ரோசா வேண்டும் என்று அழுகிறான்.

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஐயம்பெருமாளிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து ஊதி, பையனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கித் தூர எறிந்தான். ஐயம்பெருமாள் தலையைச் சொறிந்தார்.

வாசல் காவலரிடமும் அவர்கள் அப்பாவிடமும் சொல்லிவிட்டு வருவதாகவும், அதுவரை பிள்ளையை விட்டு நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

டெபோரா பையன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவன் அழுது களைத்திருந்தான்.

"ரோசா அழும்," என்றான் மெதுவாக.

ஜெனோ சிரித்துவிட்டான். பூ எங்கேயாவது அழுமா என்று கேட்டான். டெபோரா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரோசா உனக்குச் சோறு ஊட்டுமா?" என்று கேட்டாள்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "ஊட்டும். மீன் முள்ளு எடுத்துட்டு ஊட்டும்."

"அண்ணா, ரோசா பூ இல்ல. ஆளு," என்றாள் டெபோரா.

உடனே எழுந்து நின்று, "ரோசா, ரோசா" என்று கத்தினாள். அங்கே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், இங்கே இருப்பதெல்லாம் ரோசாதானே என்று செடிகளைக் கை காட்டினார். யாரோ சிரித்தார்கள். ஜெனோ அவளைத் தெரியாதவன்போல ஒரு பெயர்ப் பலகையைப் படிக்கத் தொடங்கினான்.

டெபோராவின் காதெல்லாம் சூடானது. பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் பையன் அவள் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். பூவை யாரும் அக்கா என்று கூப்பிட மாட்டார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"ரோசா அக்கா, ஒங்க பிள்ளை இங்கன இருக்கான்," என்று முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெரியவரும் அதையே உரக்கச் சொன்னார். ஜெனோவும் பலகையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டான். அவன் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

ஊஞ்சல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "கிளமென்ட்" என்று அவள் கூப்பிடுவதற்குள் பையன் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு அவள் நிஜமாகவே அழுதாள்.

திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த தம்பிக்குப் பூங்காவைக் காட்டக் கூட்டி வந்தாளாம். ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும்போது எப்படியோ கையை விட்டுப் போய்விட்டானாம். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது.

"அக்கான்னு கூப்பிடச் சொன்னா கேக்கவே மாட்டான்," என்றாள் ரோசா. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று டெபோரா அவனை இழுத்துக்கொண்டு அலைந்த கதையைக் கேட்டதும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அதற்குள் ஐயம்பெருமாள் அப்பாவையும் காவலரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பையனுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதாக அவர் சொன்னார். கிளமென்ட் பூக்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் அக்காவையும் மறு கையில் டெபோராவையும் பிடித்து இழுத்துக்கொண்டு, ஊஞ்சலைப் பார்த்து ஓடினான்.