நாலாவது குரல்

சனிக்கிழமை சாயங்காலம் சுஜாதா அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஷிப்ட் முடிந்த கையோடு, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பி வந்திருந்தாள். கணவனின் அண்ணன் கங்கப்பன் பைக்கோடு நின்றிருந்தார்.

"வாம்மா" என்றார், பைக்கின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. ஒரு வருஷமாகவே அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாமனார் நாராயணப்பனுக்கு மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் ராகிக் காடு. அறுப்பு முடிந்ததும் அப்பாவும் மூன்று மகன்களும் மலையேறிக் கடமான் அடிப்பது அந்த வீட்டு வழக்கம். சட்டப்படி தப்புதான். யார் கண்ணிலும் படாமல் போய் வருவார்கள். போன வருஷம் போன இடத்தில் கடைசி மகன் ஹரீஷ்குமார், சுஜாதாவின் கணவன், பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனான்.

அப்படித்தான் அவளிடம் சொன்னார்கள்.

அவள் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தபோது உடம்பு தலையிலிருந்து இடுப்புவரை துணியால் சுற்றியிருந்தது. "மொகம் நசுங்கிப் போச்சிம்மா. நீ பாக்க வேணாம்" என்று மாமனார் தடுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எரித்தும் விட்டார்கள்.

சுஜாதா அழவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து உடம்பு அவளுடையதாக இல்லை. கேண்டீனில் சுடுகுழம்பு கையில் கொட்டினால், தோல் சிவந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இந்த வருஷமும் வேட்டைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளே போன் செய்தாள். "அவரு விழுந்த பாறைய ஒரு தரம் பாக்கணும் மாமா. நானும் வரேன்."

மாமனார் முதலில் வேண்டாமென்றார். பிறகு, "சரி, வா" என்றார்.

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக ஏறினார்கள். பனி மூட்டம் மரங்களை இடுப்போடு விழுங்கியிருந்தது. இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு சத்தமில்லை. கங்கப்பன் நாட்டுத் துப்பாக்கியோடு முன்னாலேயே மேலே போய், இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த சந்தில் உட்கார்ந்துகொண்டார். மற்ற மூவரும் கீழிருந்து வரிசையாகச் சத்தம் போட்டபடி மேலேறினால், மான் அந்தச் சந்துக்குத்தான் ஓடும்.

"மொதல்ல நானு, அப்பறம் கோவிந்தன், மூணாவது நீ" என்றார் நாராயணப்பன். "உனக்கு வலப்பக்கம் சரிவு, ஆள் கெடையாது. ஓய் சொல்றத மட்டும் நிறுத்திடாதம்மா. சத்தமில்லாத எடத்துல பொதர் அசைஞ்சா கங்கன் சுட்டுருவான்."

ஆளுக்கு ஆள் கூப்பிடு தூரம் விட்டு நின்றார்கள். பனியில் யாரும் யாருக்கும் தெரியவில்லை.

"ஓய்!" மாமனார்.

"ஓய்!" நடு மகன் கோவிந்தப்பன்.

"ஓய்" என்றாள் சுஜாதா.

"ஓய்."

வலப்பக்கத்திலிருந்து.

எதிரொலி என்று நினைத்தாள். நாலு எட்டு வைத்தாள். மறுபடி மாமனார், மறுபடி கோவிந்தப்பன், மறுபடி அவள்.

"ஓய்."

சளி பிடித்த மாதிரி லேசாக மூக்கால் இழுக்கும் குரல். ஆறு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட குரல்; நைட் ஷிப்ட் முடிந்து வந்தால், உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கியபடி கேட்ட குரல்.

அவளுக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கால்கள் மட்டும் வலப்பக்கம் திரும்பி, குரல் வந்த திசையில் மேலே ஏறின. தன் முறை வந்தபோது ஓய் சொல்லவில்லை. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டாள்.

பட்டாசு வெடித்த மறுநாள் தெருவில் இருக்குமே, அந்த வாசனை வந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு கடமான் வெளிப்பட்டது. ஆள் உயரம். கிளை கிளையாகக் கொம்பு. அது சுஜாதாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்தது. தொடை வெடவெடக்க ஒரு கணம் நின்றது. பிறகு சந்துப் பக்கம் போகாமல் சரிவில் பாய்ந்து மறைந்தது.

சுஜாதா எதிரே இருந்த புதரை விலக்கினாள்.

மேலே, மிக அருகில், துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் சத்தம்.

அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து, காதில் மூச்சுப் படும் நெருக்கத்தில்:

"அண்ணா, சுடாத. நாந்தான்."

துப்பாக்கி பாறையில் விழுந்து உருண்டது.

"டேய்..." கங்கப்பனின் குரல் உடைந்திருந்தது. "அன்னிக்கும் இதயேதானடா சொன்ன. கேட்டுச்சிடா. வெரல் முந்திக்கிச்சிடா."

சுஜாதா புதரிலிருந்து வெளியே வந்தாள். கங்கப்பன் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலே பார்த்தார். அப்படியே மண்டியிட்டுக் கும்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பனிதான் இருந்தது.

மூச்சிரைக்க மேலே வந்த நாராயணப்பன், மூத்த மகன் மண்டியிட்டிருந்த கோலத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"அப்ப அவரு விழலையா மாமா?"

"மூணு புள்ளைங்க பெத்தேன். ஒண்ணு போயிடுச்சி." கிழவர் தரையைப் பார்த்தார். "இன்னொண்ண ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு மனசு வரலம்மா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

கோவிந்தப்பனும் அதற்குள் மேலே வந்து நின்றிருந்தார்.

அவள் இறங்கத் தொடங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கங்கப்பன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவளை முந்திக்கொண்டு உள்ளே போய், "எந்தம்பிய நாந்தான் சுட்டேன்" என்றார். மறைத்ததற்காக அப்பன் மேலும் கோவிந்தப்பன் மேலும் கேஸ் எழுதினார்கள். சுஜாதாவும் நடந்ததைச் சொன்னாள். குரலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஏட்டு நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

குடும்பத்தைக் கெடுத்தவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவள்மேல் ஒட்டவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, நைட் ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி வாடகை அறைக்குத் திரும்பினாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். பக்கத்து அறை நிர்மலா குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா சுஜாதா, பூட்டு மாட்டிக்கிச்சா?"

"பூட்ட தொறந்துட்டேன்க்கா. உள்ள தாப்பா போட்டிருக்கு."

நிர்மலா சிரித்தாள். "வெளிய பூட்டிட்டுப் போன ரூமுல உள்ள யாரு தாப்பா போடுவாங்க?"

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. சுஜாதா கதவில் நெற்றியைச் சாய்த்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகக் கண் எரிந்தது.

"வேல முடிஞ்சி வந்துட்டேன்" என்றாள், கதவுக்கு மட்டும் கேட்கும்படி.

உள்ளே தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது.

நிர்மலாவின் இடுப்பிலிருந்து குடம் நழுவியது.