இரண்டாவது புகைபோக்கி

"மூணு தடவ சுத்தியாச்சு. உள்ள ஒரு கணப்புதான் இருக்கு, ஒத்துக்கோ," என்றான் நவ்ஷாத்.

பிருந்தா அண்ணாந்து பார்த்தாள். பனிமூட்டம் விலகும்போதெல்லாம் ஓட்டுக்கூரையில் இரண்டு புகைபோக்கிகள் தெரிந்தன. வீட்டுக்குள் போனால் கணப்பு ஒன்றுதான். என்ன கண்கட்டு வித்தையோ!

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் அந்த மலைவீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். இது அறுபது வருஷத்து வீடுதான், பட்டியலிலிருந்து நீக்குங்கள், இடித்து விடுதி கட்டப்போகிறேன் என்று முதலாளி மனுப் போட்டிருந்தார். மனுவை விசாரிக்க நாளைக் காலை அரசுக் குழு வருகிறது. வீடு போனால் இருபது வருஷமாகப் பின்னறையில் இருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தருக்கும் கூரை போய்விடும். வீட்டைக் கட்டிய மேஸ்திரி கணப்பின் மேல் பெயரையும் வருஷத்தையும் வெட்டி வைத்தார் என்று எஸ்தர் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் ஹாலில் இருந்த கணப்பில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டடக்கலை மாணவர்கள் இருவரும் அந்த எழுத்தைத் தேடித்தான் மலையேறி வந்திருந்தார்கள்.

எஸ்தர் ஹால் கணப்பில் நெருப்பு மூட்டினாள். வலது புகைபோக்கி புகைந்தது. இடது சும்மா நின்றது. நவ்ஷாத் ஏணி வைத்து ஏறி, இடது புகைபோக்கிக்குள் தூக்குக்குண்டை இறக்கினான். இருபது அடிக் கயிறு போனதும் 'டங்' என்றது. அதைத் தூக்கித் தூக்கித் தட்டினான்.

பிருந்தா அடுப்படியில் நின்றாள். சத்தம் ஹால் பக்கம் கேட்டது. ஹாலுக்கு ஓடினாள், அடுப்படிப் பக்கம் கேட்டது. மறுபடியும் ஓடினாள். அவளுக்குத் தலை சுற்றியது.

கீழே இறங்கிய நவ்ஷாத், போன மாதம் இதே வீட்டை அளந்து அவள் போட்ட வரைபடத்தை விரித்தான். "ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல நீ ஒத்தச் சுவர்தானே போட்டிருக்க?"

பிருந்தா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"வெளிய அளந்தப்ப அம்பத்திரண்டு அடி. உள்ள சுவரையும் சேத்து நாப்பத்தேழுதான் வந்துச்சு. டேப்பதான் தப்பாப் பிடிச்சிட்டேன்னு நெனச்சு, மிச்சத்த மூணு ரூமுக்கும் பிரிச்சுப் போட்டுச் சரிக்கட்டிட்டேன்."

"அந்த வரைபடம்தாண்டி இப்ப கமிட்டி கையில இருக்கு."

"அஞ்சடிய முழுங்கிட்டு எப்படிக் கண்ணு தூங்குன?" என்றாள் எஸ்தர். கோபத்தோடு கடப்பாரை எடுக்கப் போனவளை இருவரும் மறித்தார்கள். சுவரில் கை வைத்தால் அதைக் காட்டியே முதலாளி ஜெயித்துவிடுவார்.

பரண் வழியாக ஏறி, ஓட்டுக்குக் கீழே இருந்த மரத் தட்டின் மேல் தவழ்வது என்று முடிவாயிற்று. தப்பு செய்தவள் பிருந்தா. அவளே முன்னால் போனாள். வௌவால்கள் முகத்தில் மோதின. கை வைத்த உத்தரத்தில் பழைய கயிற்றுத் தடங்கள் வரிசையாக இருந்தன. ஓடு வருவதற்கு முன் இங்கே புல் வேய்ந்திருக்கிறார்கள்! அடுத்த அடியில் பலகை முடிந்து கீழே இருட்டாக இருந்தது.

இடுப்பில் கயிறு கட்டி, பின்னால் வந்த நவ்ஷாத் அதைப் பிடித்துக்கொள்ள, டார்ச்சோடு இறங்கினாள். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம். எதிரே மண்ணும் கருங்கல்லுமாக ஆதி வீட்டின் கணப்பு! உத்தரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இடித்தால் கூரை சரியும் என்று, வீட்டைப் பெரிதாக்கியவர்கள் சுவர் வைத்து மூடியிருக்கிறார்கள். கணப்பு வாயின் மேலிருந்த தலைக்கல்லில் படிந்த கரியைத் துடைத்தாள்.

'சவரிமுத்து மேஸ்திரி, 1846.'

"அக்கா, இருக்கு," என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் அழுவது கேட்டது.

மறுநாள் குழுவின் முன்னால் பிருந்தா தன் பழைய வரைபடத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டாள். "இது நான் செஞ்ச தப்பு," என்றபோது காது சுட்டது. குழுவின் இளம் பொறியாளர் ஒருவர் தவழ்ந்து போய்ப் பார்த்து, உடம்பெல்லாம் கரியோடு திரும்பினார். மனு தள்ளுபடியானது.

ஒரு வாரம் கழித்து, பிருந்தா மறுபடி அளந்து போட்ட புதிய வரைபடம் வந்தது. எஸ்தர் அதன் மூலையில் இருந்த பொடி எழுத்தை வாசித்தாள். 'தெற்குச் சுவரில் மூன்று அங்குலம் ஒத்துவரவில்லை. காரணம் தெரியவில்லை.'

எஸ்தர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெற்குச் சுவர் பக்கம் போனாள்.