அவள் கிழித்த பாடம்

மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால், அவனைக் கண்டதுமே கைசர் ஜஹான் தெருவின் மறுபக்கம் நழுவியிருப்பாள். ஐப்பசி மழை யாரைக் கேட்டுப் பெய்கிறது... டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வராந்தாவில் அவள் ஒதுங்கி நின்ற நேரம் பார்த்து ஒரு சைக்கிள் சர்ரென்று வந்து நின்றது. தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுக்க அவளுடைய வெளிர்நீலப் புடவையில் ஏறியது.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆளைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஜியாவுல்லா... நெற்றியில் ஒட்டிய முடி. அதிலிருந்து சொட்டும் நீர். சிரிக்கலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று தெரியாமல் தவிக்கும் இரண்டு பெரிய கண்கள். அந்தக் கண்களை நினைத்துத்தான் அவள் சில நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை.

"சாரிங்க... பிரேக் புடிக்கல," என்றான். பிறகு உற்றுப் பார்த்தான். "நீங்க லைப்ரரிக்கு வருவீங்க இல்ல? அந்த கிராமர் புக்கை எனக்கு முன்னாடி நீங்கதானே படிப்பீங்க?"

செத்தோம் என்று நினைத்தாள் கைசர்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவன் இழந்த பாடம் அந்த நிமிடம் அவளுடைய கைப்பைக்குள்தான் மடிந்து கிடந்தது.

இருவருமே பேங்க் கிளார்க் பரீட்சைக்குப் படிப்பவர்கள். நூலகத்தில் உருப்படியான ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றே ஒன்று. வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆண்கள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து படிப்பார்கள். கைசர் மட்டும் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். அதிலும் ஒரு பாடம் இருந்ததே, பொல்லாத பாடம். எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'டு' போட்டு வினைச்சொல் வரும், எதற்குப் பின்னால் 'ஆஃப்', 'ஃபார்', 'இன்' வரும் என்ற பாடம். டிசிஷன் என்றால் டு. ஹேபிட் என்றால் ஆஃப். ரீசன் என்றால் ஃபார். டிஃபிகல்ட்டி என்றால் இன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. மனப்பாடம்தான் ஒரே வழி.

பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே நூலகர் ராமதாஸ் வந்து, "நேரமாச்சும்மா, குடு," என்று கையை நீட்டுவார். தினமும் இதே கதை. ஒருநாள் அவர் பேப்பர் அடுக்கப் போன இடைவெளியில், பலமாக இருமிக்கொண்டே பக்கங்களைக் கிழித்துவிட்டாள். எப்படித் துணிந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று மாலை அவளுக்கு அடுத்தபடியாக அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தவன் ஜியாவுல்லா.

மறுநாள் எல்லார் முன்னிலையிலும் ராமதாஸ் அவனுடைய கார்டை ரத்து செய்தார். நான் இல்லை சார், நான் இல்லை சார் என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பெண்கள் மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதோ அவன் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். லைப்ரரி இல்லையென்று ஆகிவிட்டது, டைப்பாவது கற்கலாம் என்று வந்திருக்கிறான். அந்தப் பாடத்தில் ஏதாவது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா?

"எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு," என்றாள் கைசர். உண்மையைச் சொல்ல வேண்டிய வாய் அதைத்தான் சொன்னது.

அன்று தொடங்கியது. அவளுடைய வகுப்பு முடிந்து அவனுடைய வகுப்பு ஆரம்பிக்கும் வரை நடுவில் கொஞ்ச நேரம். வராந்தா பெஞ்சின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன். உள்ளே இயந்திரங்கள் படபடக்க, அவள் ஒரு சொல் சொல்வாள், அவன் அதற்கு வால் ஒட்டுவான். ரெஃப்யூசல் என்றால் டு என்பான். ஃபியர் என்றால் ஆஃப் என்பான். இன்ட்ரஸ்ட் என்றால் மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பாகச் சொல்லிவிட்டு அவள் முறைப்பதற்காகக் காத்திருப்பான். வேண்டுமென்றே செய்கிறானோ... அவளுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் முறைத்தாள். முறைத்துவிட்டுச் சிரிப்பை அடக்க முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"கிழிச்சவன் கையில கெடச்சா என்ன செய்வீங்க?" என்று ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டாள்.

"பரீட்சையில அவனுக்கு இந்தப் பாடத்துலேர்ந்து ஒரு கேள்விகூட வரக்கூடாதுனு துவா கேப்பேன்," என்றான்.

சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு அது சோற்றை இறங்கவிடவில்லை, புத்தகத்தைத் திறக்கவிடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலில் நின்றாள். பால் பொங்கி வழிந்தது. ஊரை ஒட்டிய மலை உச்சியை மேகம் மூடுவதும் விடுவதுமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம்... நாளைக்கு... அந்த நாளை வந்ததும் சைக்கிள் மணி கேட்கும். எல்லாம் மறந்து போகும்.

மழை இல்லாத ஒரு மாலையில் அவன் சுரத்தில்லாமல் வந்தான். புத்தகத் திருடன் என்று ஊரில் பேராகிவிட்டதாம். அவனுடைய அப்பா பக்ருதீன் பாயிடம் பள்ளிவாசலில் வைத்தே ஒருவர் விசாரித்தாராம். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை.

"உங்க வீட்டுக்கு எங்க அம்மாவை அனுப்பி வைக்கணும்னு இருந்தேங்க... ரொம்ப ஆசையா இருந்தேன். இந்தப் பேரை வெச்சுக்கிட்டு எப்படி அனுப்புறது?"

எந்தப் பெண்ணும் கேட்க ஏங்கும் வார்த்தை. அதன் வாலில் அவளுடைய பாவமே தொங்கிக்கொண்டிருந்தது. பையைத் திறந்து, மடித்த பக்கங்களை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்தாள்.

"நான்தான் கிழிச்சேன்."

அவன் பக்கங்களைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்தப் பெரிய கண்களில் இருந்த வெளிச்சம் அணைந்து போனது.

"அப்போ பாவம் பார்த்துத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?"

அவள் பதில் தேடுவதற்குள் அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். டைப் வகுப்புக்கும் அதன் பிறகு வரவில்லை. அவள் மட்டும் தினமும் வராந்தாவில் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து நின்றாள். தெருவில் எந்த மணி அடித்தாலும் நெஞ்சு துள்ளியது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கவுஸ் பாஷா தகரப் பெட்டிக் கடை வைத்திருப்பவர். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணும்மா. எழுந்து வா," என்று மட்டும் சொன்னார்.

ஆண்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் அவள் அப்பாவோடு நூலகத்துக்குப் போனாள். ராமதாஸின் மேஜைமேல் பக்கங்களை வைத்தாள். எல்லார் காதிலும் விழும்படி, கிழித்தது நான், அவர் இல்லை என்றாள். ராமதாஸ் பக்கங்களைப் புரட்டிச் சரிபார்த்தார். பிறகு அவளுடைய கார்டை வாங்கிக்கொண்டார். வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. அதன் இடத்தில் அவன் ஞாபகம் மட்டும் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுத்தது.

பரீட்சை வேலூரில். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் தூறல். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வேண்டாம் என்று முடிவு செய்தாள். மறுபடியும் பார்த்தாள்... கம்பத்தில் சாய்ந்து அவன் நின்றிருந்தான்.

கவுஸ் பாஷாவும் பார்த்துவிட்டார். நேராகப் போய் அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, எம் பொண்ணால உனக்குக் கெட்ட பேரு. மன்னிச்சிடுப்பா." சொன்னதோடு சரி, டீ வாங்குகிறேன் என்று கடைப் பக்கம் நகர்ந்தார். அவர் அவ்வளவு மெதுவாக நடந்து கைசர் பார்த்ததே இல்லை.

அவன் அருகில் வந்தான். லைப்ரரியில் மறுபடி கார்டு கொடுத்துவிட்டார்கள், அப்பாவும் பேசிவிட்டார் என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப உங்க பேருதான் கெட்டுப் போச்சு," என்றான்.

"போகட்டும்."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. பாவம் பார்த்தீங்களா?"

தூறல் அவளுடைய இமைகளில் நின்றது. துடைக்கவில்லை. அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"மொத நாள் பயந்துதான் சொல்லிக் குடுத்தேன். அடுத்த ரெண்டு நாள் பாவம் பார்த்தேன். அப்புறம்... உங்களைப் பாக்காம இருக்க முடியலங்க. அதனாலதான் உண்மையைச் சொல்லவே பயமா இருந்துச்சு. சொன்னா நீங்க போயிடுவீங்களேனு."

பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அவன் மட்டும் அசையாமல் நின்றான்.

"போனேன்தான்," என்றான் கடைசியில். "போன எடத்துல இருப்புக் கொள்ளல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வெள்ளிக்கிழமை அம்மா வருவாங்க. வீட்ல சொல்லி வைங்க," என்றான்.