தொடாத காப்பி

பாடாஸ் ஆற்றில் ரப்பர் படகு ஓட்டும் அன்சோம், அன்று காலை மனைவி நீட்டிய காப்பியைத் தொடாமலே வீட்டுப் படியிறங்கினான். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அதுதான் முதல் தடவை.

"ஆறு ஏறிக் கிடக்கு. இன்னைக்குப் போகாத," என்றாள் லுமியா.

"ஆறுன்னா ஏறும், இறங்கும். அதுக்கு வேற என்ன வேலை?"

"தொட்டுட்டாவது போ. கோரோமும் இப்படித்தான் போனான்."

அந்த ஊரில், நீட்டியதை உண்ண நேரமில்லாவிட்டாலும் விரலால் தொட்டு உதட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். தொடாமல் போகிறவனை வழியில் ஏதாவது ஒன்று எடுத்துக்கொள்ளும். அன்சோமின் கூட்டாளி கோரோம், போன மழைக்காலத்தில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் லுமியாவின் காப்பியைத் தொடாமல் ஓடினான். அன்றே, பாறைகளுக்கு நடுவே ஆறு சீறிப் பாயும் 'மாமியார் வாய்' பாய்ச்சலில் படகிலிருந்து விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. அன்சோம் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான்.

"அவன் வழுக்கி விழுந்தான். காப்பி தள்ளிவிடல," என்று சொல்லிவிட்டு அன்சோம் நடந்தான்.

நகரத்து வங்கியிலிருந்து நான்கு பேர் படகுச் சவாரிக்கு வந்திருந்தார்கள். முதல் இரண்டு பாய்ச்சல்களில் அலறினார்கள், சிரித்தார்கள், ஆளுக்கு ஒரு படி ஆற்றைக் குடித்தார்கள். மாமியார் வாய்க்கு முன்னால் ஆறு கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் போகும். அங்கே பனிமூட்டம் இறங்கியிருந்தது. சில்வண்டுகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

வறுத்த காப்பியின் வாசனை வந்தது.

படகின் பின்பக்கம் தாழ்ந்தது.

நால்வரில் ஜெனிதா என்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணே," என்று கிசுகிசுத்தாள், "உங்களுக்குப் பின்னால யாரு?"

"திரும்பாத. துடுப்பைப் போடு."

ஈரமான ஒரு கை அவன் கணுக்காலைப் பிடித்தது. அதற்குச் சூடே இல்லை.

"அன்சோம்... நீயும் தொடலயாமே?"

அவனுக்குத் தெரிந்த குரல்தான். நடுவில் கொஞ்சம் தண்ணீர் புகுந்திருந்தது.

"வா. போகலாம்."

எதிரே மாமியார் வாய் இரைந்தது. படகு பின்பாரத்தால் குறுக்கே திரும்பியது. அப்படியே உள்ளே போனால் ஐந்து பேரும் பாறைக்கு அடியில்தான். அன்சோமுக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"வரமாட்டேன் போடா! என் படகுல கூலி கொடுக்காம ஏறிட்டு என்னையே கூப்பிடுறியா? உனக்கு அந்தக் காப்பிதானே வேணும்? வீட்டு மேசையில இருக்கு, வழியும் தெரியும். போய்க் குடி. இந்த நாலு பேர் மேல கை வச்சே, செத்தவன்னுகூடப் பார்க்கமாட்டேன்!"

பிடி தளர்ந்தது.

படகு தக்கையாக எழும்பி நேராகத் திரும்பியது. மாமியார் வாய் அவர்களை மென்றுவிட்டு, விழுங்காமல் துப்பியது.

கரையில் நால்வரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்சோம் மட்டும் கல்லாக நின்றான்.

அவன் கோரோமை அனுப்பிவைத்த வீட்டில் லுமியா தனியாக இருந்தாள்.

திரும்பும் ரயில் எருமை வேகத்தில் ஊர்ந்தது. இறங்கியதும் ஓடினான். லுமியா வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"மதியம் எதுக்குத் திரும்பி வந்த? சொட்டச் சொட்ட நனைஞ்சு, ஒரு வார்த்தை பேசாம காப்பியக் குடிச்சியே! மூஞ்சியக்கூடக் காட்டல. கூட்டக் கூட்ட மண்ணு போகமாட்டேங்குது."

மேசையில் கோப்பை காலியாக இருந்தது. அடியில் ஆற்று மணல்.

தரையில் ஈரக் காலடிகள். வாசலிலிருந்து மேசையைத் தாண்டி உள்ளே இருட்டறைக்குப் போயிருந்தன.

வெளியே வந்தது ஒன்றுகூட இல்லை.

அன்சோம் மனைவியைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டான். பானையிலிருந்து இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினான். ஒன்றைத் தான் ஒரே மூச்சில் குடித்தான். மற்றதை இருட்டறையின் பக்கம் தள்ளினான்.

"குடி. ஆனா சும்மா குந்தியிருக்க இது சத்திரம் இல்ல. நாளைக்குக் காலைல ஆத்துக்கு வந்து துடுப்புப் போடணும். அதுவரைக்கும் என் பொண்டாட்டி இருக்கற பக்கம் வரக்கூடாது. புரியுதா?"



ஒரு வருடமாகக் காய்ந்து தொங்கிய கோரோமின் துடுப்பிலிருந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது.